மோட்டார்ஹோமில் தெற்கே மூன்று மாதங்கள், வழியில் ஆறு பிக்கிள்பால் சுற்றுப்போட்டிகள்: இந்தத் திட்டம் சரிவருமா?

வடக்குவாசல் கேட்கிறார்:

வணக்கம். குளிர்காலத்தில் தெற்கே போய் வருபவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

நாங்கள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் இருக்கிறோம். எனக்கு 66 வயது, மனைவிக்கு 63. இருவரும் இந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றோம். இளமையிலிருந்து பாட்மிண்டன் ஆடியவர்கள். மனைவியின் முழங்கால் வலிக்கத் தொடங்கிய பிறகு சமூக நிலையத்தில் பிக்கிள்பாலுக்கு மாறினோம்; துளையுள்ள பிளாஸ்டிக் பந்தைச் சிறிய மட்டையால் வலைக்கு மேலே அடிக்கும் ஆட்டம். இப்போது அதுவே எங்கள் நாளின் நடுப்பகுதியாகிவிட்டது. ஆட்டத் திறனைக் குறிக்கும் என் தரமதிப்பீடு 3.5, மனைவியுடையது 3.0.

பழைய மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிச் சமைத்து உறங்கும் வண்டி, ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பேருந்து போலத் தட்டையான முகம் கொண்ட 'கிளாஸ் ஏ', 34 அடி நீளம், 12 ஆண்டு பழையது, ஆனால் குறைவாகவே ஓடியிருக்கிறது. புத்தாண்டு முடிந்ததும் புறப்பட்டு, நியூ ஜெர்சியில் மைத்துனி வீட்டில் இரண்டு நாள் தங்கி, ஐ-95 நெடுஞ்சாலையில் புளோரிடா. பிறகு ஐ-10 பிடித்து டெக்சஸ், அரிசோனா. மார்ச் கடைசியில் வீடு. அந்தப் பாதையில் மூத்தோர் பிரிவு உள்ள ஆறு சுற்றுப்போட்டிகளைக் குறித்திருக்கிறேன். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒன்று. கலப்பு இரட்டையரில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மனைவியோ, கடற்கரைக்கு அருகில் ஓரிடத்தில் இருந்தால் போதும் என்கிறார்.

ஜனவரியில் வண்டியின் தண்ணீர்க் குழாய்கள் உறைந்துவிடாதா? இந்த வயதில் போட்டிக்கும் பயணத்துக்கும் உடம்பு ஈடுகொடுக்குமா? மருத்துவக் காப்பீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை அக்கா எழுதுகிறார்:

வணக்கம் தம்பி. எனக்கு உங்களைவிட ஐந்து வயது அதிகம், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். நான் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். எங்கள் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன்; என் கணவர் வரைபடத்தையும் சமையலையும் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு குளிர்காலத்தையும் புளோரிடாவின் மேற்குக் கரையில் கழிக்கிறோம். இருவரும் போட்டிகளில் ஆடுகிறோம்.

நீங்கள் போட்டிப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்றபடி சாலையை வளைத்திருக்கிறீர்கள். தலைகீழாக மாற்றுங்கள். முதலில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதமோ ஆறு வாரமோ அங்கே அசையாமல் தங்குங்கள். அங்கிருந்து சிறிய காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய போட்டிகளில் இரண்டை மட்டும் ஆடுங்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் ஆட்டத்துக்கும் நல்லது.

தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். தம்பாவிலிருந்து பீனிக்ஸ் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஐ-10 நெடுஞ்சாலை டெக்சஸ் மாநிலத்துக்குள் மட்டும் 1,400 கிலோமீட்டர் ஓடுகிறது. மோட்டார்ஹோம்காரர்கள் '330' என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருப்பார்கள்: 330 மைல் ஓடியதும் அல்லது பிற்பகல் 3:30 ஆனதும், எது முதலில் வருகிறதோ அப்போது வண்டியை நிறுத்திவிட வேண்டும். இருட்டுவதற்கு முன் இடத்தைக் கண்டுபிடித்து, வண்டியைச் சமப்படுத்தி, மின்சாரம் தண்ணீர் இணைத்து, சாப்பிட்டு முடிக்க அந்த நேரம் தேவை. அப்படி ஓட்டினால் புளோரிடாவிலிருந்து அரிசோனா ஒரு வாரப் பயணம். மேற்கு டெக்சஸின் பக்கக் காற்று உயரமான கிளாஸ் ஏ வண்டியைத் தள்ளும்போது ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தோள்களோடு அடுத்த நாள் ஸ்மாஷ் அடிக்க முடியாது.

இதை ஓட்டுநராகச் சொல்கிறேன். நீண்ட நேரம் இருக்கையில் இருந்தவரின் இடுப்பு முன்மடிப்புத் தசைகள் இறுகிவிடும், கெண்டைக்கால் விறைக்கும். அந்தக் கால்களோடு திடீரென்று முன்னால் பாய்ந்தால் கெண்டைக்கால் தசையோ குதிகால் நாணோ கிழியும். பிக்கிள்பாலில் நம் வயதுக்காரர்களுக்கு வழக்கமாக வரும் காயங்களில் இவையும் உண்டு. போட்டி நடக்கும் ஊருக்கு இரண்டு முழு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். முதல் நாள் நடை மட்டும். இரண்டாம் நாள் அதே திடலில் ஒரு மணி நேரம் மென்மையான ஆட்டம். இதற்கு நேரம் இல்லாத போட்டியை அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள்.

வண்டிக்கு வருகிறேன். 34 அடி வண்டியை ஒன்ராறியோவில் சாதாரண 'ஜி' உரிமத்திலேயே ஓட்டலாம், மொத்த எடை 11,000 கிலோவைத் தாண்டாத வரை. சட்டம் அனுமதிக்கிறது என்பதால் கை பழகிவிட்டது என்று ஆகாது. முன்சக்கரங்கள் உங்கள் இருக்கைக்குக் கீழேயோ பின்னாலேயோ இருக்கும். காரில் திருப்புவது போலத் திருப்பினால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறும். பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் வால், நீங்கள் வலப்புறம் திரும்பும்போது இடப்புறம் வீசும். பெட்ரோல் நிலையங்களில் வண்டிகள் இடிபடுவது பெரும்பாலும் இந்த வால் வீச்சால்தான். வாங்குவதற்கு முன் இதே நீளமுள்ள வண்டி ஒன்றை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, இருவரும் ஓட்டிப் பாருங்கள். இருவரும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் மற்றவர் வீட்டைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

12 வயது வண்டி என்றீர்கள். புளோரிடாவிலும் அரிசோனாவிலும் வசதியான தனியார் பூங்காக்கள் சில, பத்து ஆண்டைத் தாண்டிய வண்டிகளை ஏற்பதில்லை. சில இடங்களில் புகைப்படம் அனுப்பச் சொல்லி, பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள். முன்பதிவுக்கு முன் கேளுங்கள். குறைவாக ஓடிய வண்டி என்பதைக் கேட்டு மகிழாதீர்கள். நின்றே கிடந்த வண்டியின் டயர், தடம் தேயாமலே உள்ளுக்குள் முதுமையடையும். டயரின் பக்கச் சுவரில் 'DOT' என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஏழு ஆண்டு ஆன முன்டயரை நான் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக மாட்டேன். சாமான், தண்ணீர், எரிபொருள் எல்லாம் ஏற்றிய பிறகு லாரி நிலையத்து எடைமேடையில் ஒவ்வோர் அச்சையும் நிறுத்துப் பார்த்து, அந்த எடைக்கு டயர் நிறுவனத்தின் அட்டவணை சொல்லும் காற்றழுத்தத்தை வையுங்கள்.

இன்னொன்று, போட்டித் திடலின் வாகன நிறுத்தத்தில் 34 அடி வண்டி நுழையாது. பின்னால் ஒரு சிறிய காரை இழுத்து வர வேண்டியிருக்கும். நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கக்கூடிய கார்கள் சில மட்டுமே. காரின் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இழுக்கும்போது பின்னோக்கி எடுக்க முடியாது, காரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்றால் 24, 25 அடி 'கிளாஸ் சி' பாருங்கள். ஓட்டுநர் அறைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வகை. இருவருக்கு அது போதும். ஆட்டங்களுக்கு இடையே இரண்டு மணி நேரம் காத்திருக்கும்போது சொந்தக் கழிப்பறை, சொந்தக் கட்டில், நாமே சமைத்த சோறு எல்லாம் திடலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். நாங்கள் கிளாஸ் சி வைத்திருப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

தண்ணீர் உறைவது பற்றி: ஜனவரியில் ஒன்ராறியோவை விட்டுக் குழாயில் தண்ணீரோடு புறப்படாதீர்கள். எல்லாத் தொட்டிகளையும் வடித்து, வெந்நீர்க் கலனைப் பக்கவழிக் குழாயால் (பைபாஸ்) தனிமைப்படுத்தி, இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் மோட்டார்ஹோம் உறைதடுப்பானைக் குழாய்களில் ஓடவிட்டு அப்படியே ஓட்டுங்கள். அது புரோப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குடிநீர்க் குழாய்ப் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள். குடிக்கக் குடங்களில் தண்ணீர், கழிப்பறைக்கு உறைதடுப்பான் கலந்த தண்ணீர். ஜோர்ஜியாவின் தெற்குப் பகுதிக்கு வந்து, இரவு வெப்பநிலை தொடர்ந்து உறைநிலைக்கு மேலே இருந்தால் அப்போது குழாய்களைக் கழுவித் தொட்டியை நிரப்பலாம். முடிந்தால் நவம்பரில், பெரும்பனிக்கு முன்பே புறப்படுங்கள். ஜனவரிப் புறப்பாடு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சாலையில் தூவும் உப்பு வண்டியின் அடிப்பகுதியைத் தின்றுவிடும்.

நியூ ஜெர்சி வழியாகப் போவதென்றால் பால்டிமோரில் கவனம். அங்கே துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கச் சாலைகளிலும், ஐ-95, ஐ-895 இரண்டிலுமே, மோட்டார்ஹோமில் இருக்கும் அளவுக்குப் புரோப்பேன் வாயுவோடு நுழையத் தடை. முன்பெல்லாம் ஐ-695 சுற்றுச்சாலையின் கிழக்குப் பக்கம் கீ பாலத்தில் ஏறிக் கடப்போம். 2024 மார்ச் 26-இல் கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்துவிட்டது. ஆகவே ஐ-695-இன் மேற்குப் பாதியில் நகரைச் சுற்றி வாருங்கள். ஜிபிஎஸ் கருவியில் வண்டியின் உயரத்தையும் புரோப்பேன் இருப்பதையும் பதிந்துவையுங்கள். கைப்பேசி வரைபடம் உங்களைச் சுரங்கத்துக்குள்தான் அனுப்பும்.

இனி ஆட்டம். பிக்கிள்பால் திடல் 44 அடிக்கு 20 அடி, பாட்மிண்டன் இரட்டையர் திடலின் அதே அளவு. 1965-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் பழைய பாட்மிண்டன் திடலில்தான் ஆடினார்கள். அதனால் நம்மைப் போன்றவர்களுக்குத் திடல் கால்களுக்குத் தெரியும், அது பெரிய வரம். ஆனால் பாட்மிண்டனிலிருந்து கூடவே வரும் இரண்டு பழக்கங்கள் போட்டியில் புள்ளிகளைப் பறிக்கும். வலைக்கு அருகே வந்து மேலிருந்து அடித்துவிட்டு, அடித்த வேகத்தில் ஒரு அடி முன்னால் வைப்பது ஒன்று. வலையிலிருந்து ஏழு அடிக்குள், கிச்சன் என்று எல்லோரும் சொல்கிற அந்தப் பகுதியில் நின்று, பந்து தரையில் படும் முன் அடிக்கக் கூடாது; வெளியே நின்று அப்படி அடித்த வேகம் உங்களை உள்ளே கொண்டுபோனாலும் பிழைதான். பந்து எதிர்ப்பக்கம் செத்த பிறகு கால் பட்டாலும் பிழைதான். மற்றது ஆபத்தானது: தலைக்கு மேலே போகும் பந்துக்குப் பின்னோக்கி ஓடுவது. இறகுப்பந்து மேலே போய்த் தயங்கி விழும், நமக்கு நேரம் தரும். இந்தப் பந்து தராது. பின்னால் ஓடி விழுபவர்கள் கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார்கள். உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள், இல்லையென்றால் பந்தைப் போகவிடுங்கள்.

புளோரிடாவில் குளிர்காலக் காலைகளில் திடலில் பனித்துளி படர்ந்து வழுக்கும். எட்டு மணிக்கு முதல் ஆட்டம் என்றால் காலணியின் அடியால் நீங்களே தேய்த்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் நடுவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். ஓட்டக் காலணி வேண்டவே வேண்டாம், பக்கவாட்டு அசைவைத் தாங்கும் திடல் காலணிதான். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள்.

கலப்பு இரட்டையரில் பொதுவாக இணையில் இளையவரின் வயதும், தரம் கூடியவரின் மதிப்பீடும்தான் கணக்கில் வரும். ஆகவே நீங்கள் இருவரும் 60 வயதுப் பிரிவில் 3.5-இல் ஆடுவீர்கள். உங்கள் மனைவி தன்னைவிடத் தரம் கூடியவர்களை எதிர்கொள்வார், பந்து முழுவதும் அவர் பக்கமே வரும். அவருக்கு இதில் விருப்பம் இருக்கிறதா என்று கேட்டீர்களா? இது உங்கள் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் 3.0 பிரிவில் வேறொரு பெண்ணோடு மகளிர் இரட்டையர் ஆடினால் ஒருவேளை மகிழ்ச்சியாக ஆடுவார்.

கல்கரிக் காற்று எழுதுகிறார்:

அக்கா சொன்ன தூரக் கணக்கை அப்படியே வழிமொழிகிறேன். அரிசோனா எங்களைப் போன்ற மேற்கத்தியர்களுக்கு நேர்வழி. கல்கரியிலிருந்து தெற்கே இறங்கி எல்லை தாண்டினால் ஐ-15, அதே சாலை மொன்டானா, ஐடஹோ, யூட்டா என்று கொண்டுபோய் விடும். மொன்டானா, ஐடஹோ எல்லையில் இருக்கும் மொனைடா கணவாய் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். அக்டோபரிலேயே பனி பெய்யும், ஆகவே நாங்கள் அக்டோபர் தொடக்கத்திலேயே கிளம்பிவிடுகிறோம்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யூட்டாவின் செயின்ட் ஜோர்ஜ் நகரில் ஒவ்வோர் அக்டோபரிலும் ஹன்ட்ஸ்மன் உலக மூத்தோர் விளையாட்டுகள் நடக்கின்றன. 1987-இல் தொடங்கியது, 50 வயது ஆனவர்கள் கலந்துகொள்ளலாம். பிக்கிள்பால், மென்பந்து, நீச்சல், மேசைப்பந்து என்று பல விளையாட்டுகள். எண்பது வயதுக்காரர்கள் நூறு மீட்டர் ஓடுவதை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் மனைவிக்குக் கண்ணீர் வந்துவிட்டது, எனக்கும்தான். தம்பதியராக ஒரே ஒரு போட்டிக்குப் போவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அது முடிந்ததும் குவார்ட்ஸைட். அரிசோனாவின் மேற்கு ஓரத்தில் பாலைவனம். மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை அங்கே நெடுங்காலத் தங்குமிடங்களை வைத்திருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைக்குமான அனுமதி 180 அமெரிக்க டொலர், 14 நாளுக்கு 40 டொலர் என்றுதான் நாங்கள் கட்டிவந்தோம். உங்கள் இடத்தில் மின் இணைப்பு இருக்காது. சூரியத் தகடும் நல்ல மின்கலமும் வேண்டும். இரவில் வானம் அவ்வளவு தெளிவு. ஆனால் ஜனவரி விடியலில் கடுங்குளிர். வெளித்திடலில் ஆடும் 40 துளைப் பந்து குளிரில் கல்லாக இறுகி, நான்கு முறை அடித்தாலே விரிசல் விடும். பந்துகளை வண்டிக்குள் கதகதப்பாக வைத்திருந்து எடுத்துப் போங்கள்.

நீங்கள் ஒன்ராறியோக்காரர், இந்த முறை புளோரிடாவோடு நிறுத்துங்கள். அரிசோனாவுக்கு வேறோர் ஆண்டு, அக்டோபரில் புறப்பட்டு, தனியாக வாருங்கள்.

வடக்குவாசல்:

இருவருக்கும் மிக்க நன்றி. அக்கா, உங்கள் கடைசிக் கேள்வியை நேற்று இரவு மனைவியிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. இன்று காலை, போட்டியில் ஆடுவது பிடிக்கும், ஆனால் முழங்கால் வீங்கி மூன்று நாள் படுத்திருக்கும் குளிர்காலம் வேண்டாம் என்றார். போட்டி மனப்பான்மை என்னைவிட அவருக்குத்தான் அதிகம், அதுதான் எனக்குக் கவலை. தொடங்கிவிட்டால் நிறுத்த மாட்டார். முழங்காலைச் சோதிக்காத வேறு ஏதாவது ஆட்டம் அங்கே உண்டா? காப்பீடு பற்றியும் சொன்னால் நன்று. மூன்று வாரத்துக்கு முன் மருத்துவர் எனக்கு இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

மணற்கரை எழுதுகிறார்:

உங்கள் மனைவிக்கு நான் ஷஃபிள்போர்டைச் சொல்வேன். நீண்ட கோலால் வட்டத் தட்டுகளைத் தரையில் தள்ளி, எதிர்முனையில் வரைந்திருக்கும் முக்கோணத்துக்குள் நிறுத்த வேண்டும். 10, 8, 7 என்று கட்டங்கள்; கடைசியில் இருக்கும் கட்டத்தில் விழுந்தால் பத்துப் புள்ளி கழிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் நான்கு தட்டு. கேரம் ஆடிய கைக்கு இது உடனே பிடிபடும்: நம் தட்டைப் புள்ளியில் நிறுத்துவது பாதி, எதிராளியின் தட்டைத் தட்டித் தள்ளுவது மீதி. ஓட்டமில்லை, குதிப்பில்லை. ஆனால் மனம் முழுவதும் உழைக்கும். போட்டி மனப்பான்மை உள்ளவருக்கு ஏற்ற ஆட்டம், மென்மையாக நடப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இந்தத் தரை ஆட்டம் 1913-இல் புளோரிடாவின் டேட்டோனா கடற்கரையில் தொடங்கியது. அதற்கு முன் கப்பல் தளங்களில் ஆடினார்கள். அதே மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1924-இல் நிறுவப்பட்ட ஷஃபிள்போர்ட் கழகம் இன்னும் இருக்கிறது. ஒரு மாலை அங்கே போய்ப் பாருங்கள். இளைஞர்களும் எண்பது வயதுக்காரர்களும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் ஆடுவார்கள். புளோரிடாவின் பழைய மோட்டார்ஹோம் பூங்காக்கள் பலவற்றில் இதற்கான தடங்கள் உண்டு. பூங்காக்கள் தங்களுக்குள் அணி அமைத்து ஆடும். முன்பதிவு செய்யும்போதே தடங்கள் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பல இடங்களில் அவற்றின் மேல் பிக்கிள்பால் கோடு போட்டுவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான்.

அதே நகரில் 1930-இலிருந்து எழுபத்தைந்தை ஒட்டிய வயதினரும் அதற்கு மேற்பட்டவர்களும் ஆடும் மென்பந்துக் கழகம் ஒன்று இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் வெள்ளை உடுப்பில் ஆடுவார்கள். உங்களுக்கு இன்னும் வயது போதாது. பார்வையாளராகப் போய் உட்காருங்கள்.

நெடுஞ்சாலை அக்கா மீண்டும்:

தம்பி, மாத்திரையின் அளவு கூடியது என்று எழுதினீர்களே, அதை முதலில் பார்ப்போம். ஒன்ராறியோவின் மருத்துவத் திட்டம் வெளிநாட்டில் அவசர மருத்துவமனைச் சேர்க்கைக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலர்தான் தரும். அமெரிக்கப் பில்லுக்கு முன் அது ஒன்றுமில்லை. பயணக் காப்பீடு கட்டாயம். அந்தப் பத்திரத்தில் 'நிலைத்தன்மைக் காலம்' என்று ஒரு பிரிவு இருக்கும்: புறப்படுவதற்கு முன் 90 நாளோ 180 நாளோ உங்கள் நோயும் மருந்தும் மாறாமல் இருந்திருக்க வேண்டும். அளவைக் கூட்டினால் மட்டுமல்ல, குறைத்தாலும் பல பத்திரங்களில் அது மாற்றம்தான், நாள் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். நீங்கள் புறப்படும் நாளில் அந்தக் காலம் முடிந்திருக்குமா என்று நாட்காட்டியை வைத்து எண்ணுங்கள். முடியாது என்றால் குறைந்த நிலைத்தன்மைக் காலம் கேட்கும் பத்திரத்தைத் தேடுங்கள், அல்லது பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கேள்வித்தாளை மருத்துவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். ஒரு கேள்விக்குத் தவறான பதில் எழுதியிருந்தால் தொடர்பில்லாத நோய்க்கான கோரிக்கையைக்கூட நிராகரிக்க இடமுண்டு. ஒழுங்கமைக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகளை விலக்கும் வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நாட்கணக்கு: ஒன்ராறியோ மருத்துவத் திட்டத்துக்கு எந்த 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதப் பயணத்தில் இது பிரச்சினையே இல்லை. அமெரிக்க வரித்துறை வேறுவிதமாக எண்ணும்: இந்த ஆண்டின் நாட்கள், போன ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டின் ஆறில் ஒரு பங்கு. கூட்டி 183 வந்தால், உங்கள் நெருங்கிய தொடர்பு கனடாவோடுதான் என்று காட்டும் படிவம் 8840 நிரப்ப வேண்டும். ஆண்டுதோறும் 122 நாள் தங்குபவர் அதைத் தொட்டுவிடுவார். மைத்துனி வீட்டுக்குக் கோடையில் போன நாட்களும் அதில் சேரும், எல்லையைத் தாண்டிய அரை நாளும் ஒரு நாளே. 2025 ஏப்ரல் 11 முதல், 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் கனடியர்கள் பதிவு செய்ய வேண்டும்; எல்லையில் தரும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவு இருந்தால் அதுவே போதும். சாலை வழியாகப் போகிறவர்கள் அதைக் கேட்டுப் பெறுவது நல்லது.

பச்சைக் கறிவேப்பிலையை எல்லையில் பறித்துவிடுவார்கள். எலுமிச்சை, தோடை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையிலும் வாழும் என்பதால் தடை. புளோரிடா அந்த நோயால் மிகவும் அடிபட்ட மாநிலம், எனக்கு அந்தத் தடையில் முழு உடன்பாடு.

தங்கும் இடம் எதுவென்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். புன்டா கோர்டா பக்கம் பாருங்கள். வடக்கே சரசோட்டா ஒரு மணி நேரம், தெற்கே ஃபோர்ட் மயர்ஸ் அரை மணி, நேப்பிள்ஸ் ஒரு மணி. மூன்று ஊர்களிலும் திடல்கள், போட்டிகள். கடற்கரையும் தொலைவில்லை, உங்கள் மனைவிக்கு அது கிடைத்துவிடும். மாநிலப் பூங்காக்களில் தங்க எண்ணினால் புளோரிடாவாசிகள் 11 மாதத்துக்கு முன்பும் நம்மைப் போன்ற வெளியார் 10 மாதத்துக்கு முன்பும்தான் பதியலாம். ஜனவரி, பிப்ரவரி இடங்கள் அந்த ஒரு மாத இடைவெளியிலேயே பெரும்பாலும் போய்விடும், கிடைத்தாலும் தொடர்ந்து 14 இரவுதான். தனியார் பூங்காவில் மாத வாடகை பேசுங்கள், மின்கட்டணம் அதில் சேருமா தனியா என்று கேளுங்கள்.

முழங்காலுக்கு இப்போதே ஒரு இயன்முறை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடைத் தசைகளை வலுப்படுத்த இரண்டு மூன்று மாதம் தேவைப்படும், புறப்படும் வாரத்தில் தொடங்கினால் பயனில்லை. பிப்ரவரி நடுவில் ஒரு மகளிர் இரட்டையர், அதற்கு மூன்று வாரம் கழித்து உங்கள் இருவரின் கலப்பு இரட்டையர். இடைப்பட்ட நாட்களில் அவர் ஷஃபிள்போர்ட் ஆடட்டும். வண்டியை வாங்கும் முன் டயர் எண்ணைப் புகைப்படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.